இணைய விளம்பரமும் நமது சங்கங்களும்

பாவு மட்டும் விரித்திருந்தால் துணியாகாது. ஊடையும் ஓடினால்தான் சேலை உருவாகும். அவ்வாறே உற்பத்தி மட்டும் நடந்தால் சங்கம் தழைக்காது. விற்பனையும் அதனுடன் இணைந்து ஓடுதல் வேண்டும். நம் சங்கங்களில் உற்பத்திக்கென நூல், சாயம், கடன், உரம் என்று பல ஏற்பாடுகள் உள்ளன. விற்பனையைப் பற்றிய சிந்தனையோ பெரும்பாலும் சரக்கு தேங்கிய பின்னரே தோன்றுகிறது. அலமாரியில் சேலை தேங்கினால் நெசவாளியின் கூலி தாமதமாகிறது. கொடியில் பழம் முற்றிவிட்டால் வந்த வியாபாரி கேட்ட விலைக்கே தள்ள நேர்கிறது. ஆதலின் விளம்பரம் ஓர் ஆடம்பரச் செலவென எண்ணுதல் தவறு. அங்கத்தினரின் கூலியையும் விளைபொருளின் விலையையும் காக்கும் காரியங்களுள் அதுவும் ஒன்று.

இன்று பொருள் வாங்குவோர் கடைத்தெருவுக்குச் செல்வதற்கு முன்பே தம் கைபேசியைக் கேட்கின்றனர். "நல்ல கைத்தறிச் சேலை எங்கே கிடைக்கும்?", "பன்னீர் திராட்சை மொத்த விலைக்கு யார் தருவர்?" என்று அவர்கள் கேட்கும் கேள்விக்கு யாரோ ஒருவர் விடை தருகின்றார். அவ்விடை நம் சங்கத்திலிருந்து செல்கின்றதா, அல்லது நம் ஊரின் பெயரை வைத்துக்கொண்டு வேறொருவர் தருகின்றாரா என்பதே நாம் ஆராய வேண்டிய பொருள். தேனி மாவட்டத்தையும் கம்பம் பள்ளத்தாக்கையும் மனத்திற்கொண்டு, தேடுபொறியையும் சமூக ஊடகங்களையும் சங்கங்கள் பயன்படுத்தும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

விளம்பரம் கூட்டுறவுக்குப் புதிதன்று

1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட தொழிலாளர் சிலர் ஒன்றுகூடிச் சிறு கடை ஒன்றைத் திறந்தனர். கலப்படமற்ற சரக்கு, குறையாத எடை என்ற இரண்டு உறுதிகளே அக்கடைக்கு விளம்பரமாயின. 1935-ல் நம் மாகாணத்தில் தொடங்கப்பெற்ற கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கமாகிய கோ-ஆப்டெக்ஸின் வரலாறும் இதனையே காட்டுகின்றது. சேலையின் நூல் நம்பரைச் சோதிக்கத் தெரியாத வாடிக்கையாளரும் அதன் வண்ணத்துப்பூச்சிச் சின்னத்தைக் கண்டு நம்பி உள்ளே நுழைகின்றார். தனி நெசவாளி ஒருவர் அத்தகைய சின்னத்தைத் தம் ஆயுட்காலத்தில் நிலைநாட்டிவிட இயலாது. பலர் சேர்ந்ததனால் அது இயன்றது.

இணையத்திலும் இவ்விதியே செல்லும். ஒவ்வோர் அங்கத்தினரும் தனித்தனியே படம் போட்டு ஒருவருக்கொருவர் விலையைக் குறைத்துக்கொண்டால், இலாபம் அடைவோர் இடைத்தரகர்களே. சங்கத்தின் பெயரால், ஒரே விலையில், ஒரே வாக்குறுதியுடன் வெளிப்படும் செய்திக்கே மதிப்பு உண்டு.

தேடுபொறி எவ்வாறு இயங்குகிறது?

கூகுள் நிறுவனம் 1998-ல் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்னும் இரு மாணவர்களால் அமெரிக்காவில் தொடங்கப்பெற்றது. அதன் வேலையை மூன்று படிகளாகப் பிரித்து அறியலாம்.

முதற்படி சேகரித்தல். தேடுபொறியின் இயந்திரங்கள் இணையப் பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று படிக்கின்றன. எங்கும் எழுதி வைக்கப்படாத சங்கத்தை அவை அறிய வழியில்லை.

இரண்டாம் படி அடைவு செய்தல். நூல்நிலையத்தில் புத்தகங்களுக்கு அட்டவணை எழுதுவதுபோல, எந்தப் பக்கத்தில் எந்தச் சொற்கள் உள்ளன, அது எதைப் பற்றியது என்று குறித்து வைத்துக்கொள்கின்றன.

மூன்றாம் படி வரிசைப்படுத்தல். ஒருவர் கேள்வி கேட்டவுடன், அதற்குப் பொருத்தமான பக்கங்களைத் தேர்ந்து, எது முன் வரவேண்டும், எது பின் வரவேண்டும் என்று முடிவு செய்கின்றன. ஒரு பக்கத்தை வேறு பல நல்ல பக்கங்கள் சுட்டிக்காட்டினால், அச்சுட்டலைச் சிபாரிசாகக் கொள்ளலாம் என்பது அவ்விரு மாணவர்கள் வகுத்த அடிப்படைக் கருத்து. ஊரில் பலர் ஒருவரைப் பெரியவர் என்று சொல்வதால் நாமும் அவரை மதிப்பதைப் போன்றது இது. பின்னர் வேறு பல அளவுகோல்களும் சேர்க்கப்பட்டுள்ளன.

இங்கு ஒரு செய்தியை அங்கத்தினர்கள் நன்கு மனத்தில் இருத்த வேண்டும். பணம் கட்டிப் பெறும் விளம்பர இடம் வேறு; தேடலின் இயல்பான விடை வரிசை வேறு. விளம்பரத்திற்கு அதன் மேலேயே அடையாளம் இடப்பட்டிருக்கும். இயல்பான வரிசையில் முன்னிடம் பெறுவதற்குக் கூகுள் பணம் வாங்குவதில்லை. முதலிடத்திற்கு எவரும் உத்தரவாதம் தரவியலாது என்று அந்நிறுவனமே அறிவித்துள்ளது. ஆகவே, "மாதம் இவ்வளவு கொடுங்கள், உங்கள் சங்கத்தை முதலிடத்தில் நிறுத்துகிறேன்" என்று வாக்களிப்போரிடம் சங்கப் பணத்தைக் கொடுத்தலாகாது.

பெயரும் எழுத்துக்கூட்டலும்

வாங்குவோர் எந்தச் சொல்லால் கேட்பர் என்று அறிந்து, அச்சொல்லையே நம் பக்கத்தில் எழுதுவது தேடுபொறி வேலையின் பெரும்பகுதியாகும். இதில் நம் பகுதிக்கென ஒரு தனிச்சிக்கல் உண்டு.

கம்பம் என்னும் ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் 'சி' எழுத்தில் தொடங்கும் பழைய முறையில் எழுதுவோரும் உளர்; 'கே' எழுத்தில் தொடங்கும் முறையில் எழுதுவோரும் உளர். பழைய முறையில் எழுதினாலோ, ஆந்திரப் பிரதேசத்தில் பெரிய ஏரியை உடைய மற்றொரு கம்பமும் விடையில் வந்து நிற்கும். தமிழில் எழுதினாலோ, கம்பம் என்னும் சொல்லுக்குத் தூண் என்ற பொருளும் இருக்கின்றது. தேனி என்று தேடுகின்றவருக்குத் தேனீயைப் பற்றிய செய்தியும் கலந்து வருதல் உண்டு. ஆகவே 'கம்பம்' என்று மட்டும் எழுதாமல், 'தமிழ்நாடு, தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கு' என முழுமையாக எழுதுவதும், ஆங்கிலப் பக்கத்தில் இரண்டு எழுத்துக்கூட்டலையும் ஒருமுறையேனும் குறிப்பதும் நன்மை பயக்கும்.

பொருளின் பெயரிலும் இதே கவனம் வேண்டும். நாம் பன்னீர் திராட்சை என்பதை வெளியூர் மொத்த வியாபாரி கருப்புத் திராட்சை என்பார். தோட்டக்கலை அறிந்தோர் மஸ்கட் ஹாம்பர்க் என்பர். மூன்றும் ஒரே பழத்தைக் குறிப்பன. மூன்று பெயர்களும் நம் பக்கத்தில் இயல்பான வாக்கியங்களில் இடம்பெற்றால், மூவர் கேள்விக்கும் நம் சங்கம் விடையாகும்.

இதனைக் கேட்டு, ஒரே சொல்லை ஐம்பது முறை அடுக்கி எழுதிவிடுவோரும் உண்டு. அது பயன் தராது. சொற்களை வீணே திணிக்கும் பக்கங்களைத் தேடுபொறி பின்னுக்குத் தள்ளும், படிப்போரும் வெறுப்பர். சங்கத்தில் தொலைபேசியில் கேட்போர் என்ன கேட்கின்றனர் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு மாதம் எழுதி வைக்குமாறு நான் ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில் சொல்வதுண்டு. "சேலையோடு ரவிக்கைத் துணி சேர்ந்திருக்குமா?", "துவைத்தால் சாயம் போகுமா?", "ஒரு பெட்டியில் எத்தனை கிலோ பழம்?", "எந்த மாதத்தில் வந்தால் தோட்டம் பார்க்கலாம்?" என்பன போன்ற கேள்விகள் அதில் சேரும். அவற்றுக்கு நேரான விடைகளை எழுதினால் அதுவே நல்ல இணையப் பக்கமாகும்.

நிலப்படத்தில் சங்கத்தின் இடம்

தனி இணையதளம் அமைக்க வசதியில்லாத சங்கமும் செலவின்றிச் செய்யக்கூடிய முதற்காரியம் ஒன்று உண்டு. கூகுள் நிலப்படத்தில் சங்கத்தின் விற்பனை நிலையத்தைப் பதிவு செய்தலே அது. இதற்குக் கட்டணம் இல்லை. நிலையம் உண்மையில் அவ்விடத்தில் உள்ளது என்று சரிபார்த்த பின்னர் அப்பதிவை நிர்வகிக்கும் உரிமை சங்கத்திற்குக் கிடைக்கும்.

இப்பதிவுகளை வரிசைப்படுத்துவதற்குப் பொருத்தம், தூரம், அறிமுகம் என்னும் மூன்றனையும் கருதுவதாகக் கூகுள் நிறுவனம் கூறுகின்றது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் முயற்சியில் உள்ளன. இன்ன பொருள் விற்கும் நிலையம் என்று தெளிவாக எழுதுதல், திறந்திருக்கும் நேரத்தையும் விடுமுறை நாட்களையும் சரியாகக் குறித்தல், தொலைபேசி எண் மாறினால் அன்றே திருத்துதல், உண்மையான படங்களைச் சேர்த்தல், வாடிக்கையாளர் எழுதிய கருத்துகளுக்கு மறுமொழி கூறுதல் ஆகியவை அம்முயற்சியாகும்.

பெயரைப் பதியும்போது சங்கத்தின் உண்மைப் பெயரையே பதிய வேண்டும். 'தரமான மலிவான சேலைக் கடை' என்றெல்லாம் பெயரோடு சேர்ப்பது விதிக்கு மாறானது, பதிவே முடக்கப்படலாம். பொருளைப் பற்றிய செய்திகளுக்கு விவரக் குறிப்பில் தனி இடம் உண்டு.

திண்டுக்கல்லிலிருந்து தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்கும் தேக்கடிக்கும் செல்லும் நெடுஞ்சாலையில் நாள்தோறும் வெளியூரார் கடந்து செல்கின்றனர். சுருளி அருவிக்கு வருவோரும் பலர். திராட்சைப் பந்தலைக் கண்டு காரை நிறுத்த விரும்பும் அவர்கள் வழியிலேயே கைபேசியில் தேடுகின்றனர். சங்கத்தின் பழ விற்பனை நிலையம் நிலப்படத்தில் இல்லாவிடில், அவர்கள் வேறிடத்தில் நிறுத்துவர்.

பொருளுக்கேற்ற வழி

எல்லாச் சரக்கையும் ஒரே விதமாக இணையத்தில் விற்க முயல்வது வீண் செலவில் முடியும். நம் மாவட்டத்தின் மூன்று பொருள்களைக் கொண்டு இதை விளக்கலாம்.

சேலை கெட்டுப்போகாத பொருள். அஞ்சலிலும் கூரியரிலும் நெடுந்தூரம் செல்லும். எனவே நேரடிச் சில்லறை விற்பனைக்கு ஏற்றது. ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டி முதலிய நெசவு ஊர்களின் பருத்திச் சேலைக்கு வாட்ஸ்அப் வணிகச் செயலியும் முகநூலும் இன்ஸ்டாகிராமும் துணையாகும். வாட்ஸ்அப் வணிகச் செயலி 2018-ல் வந்தது; அதில் சரக்குப் பட்டியலைப் படத்துடனும் விலையுடனும் அமைத்துக்கொள்ளலாம். சேலையைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்தல் வேண்டும். உடல், கரை, முந்தி மூன்றும் தெரிய வேண்டும். நீளம், நூல் நம்பர், சாயத்தின் தன்மை, துவைக்கும் முறை ஆகியவற்றை எழுத வேண்டும். விலையை மறைத்து, "தனியே கேளுங்கள்" என்று எழுதினால் பாதிப் பேர் கேளாமலே போய்விடுவர். கோ-ஆப்டெக்ஸின் இணையக் கடையும், மத்திய ஜவுளி அமைச்சகத்தின் 'இண்டியாஹேண்ட்மேட்' என்னும் இணையக் கடையும் கைத்தறிச் சரக்குக்கு உள்ள பொது வழிகளாகும்.

பன்னீர் திராட்சை விரைவில் வாடும் பழம். ஒரு கிலோ, இரண்டு கிலோ எனத் தொலைவிலுள்ள வீடுகளுக்கு அனுப்பினால் கூரியர் செலவும் சேதமும் விலையை விழுங்கிவிடும். இதற்கு இணையம் வேறு வகையில் பயன்படும். பிற திராட்சைப் பகுதிகளில் குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் அறுவடை நடக்கும்போது, நம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் பழம் இருக்கின்றது. எந்தக் கவாத்துப் பழம் எந்த வாரத்தில் வரும், எவ்வளவு கிடைக்கும், பெட்டியின் எடை என்ன என்பதைச் சங்கம் வாரந்தோறும் வெளியிட்டால், மதுரை, கோவை, கேரள நகரங்கள் ஆகியவற்றின் மொத்த வியாபாரிகள் பலர் ஒரே சமயத்தில் அதனைக் காண்பர். வாங்குவோர் ஒருவராக இருக்கும் இடத்தில் விலையை அவரே சொல்வார்; ஐவர் இருக்கும் இடத்தில் விளைவித்தவரும் சொல்ல முடியும்.

ஏலக்காய்க்கு வழி வேறு. நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் போடிநாயக்கனூரிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் மின்னணு ஏலம் நடைபெறுகின்றது. மொத்தச் சரக்குக்கு அதுவே சந்தை. சிறு பொட்டலங்களாக விற்க விரும்பும் சங்கம் மட்டும் அதற்குரிய உணவு உரிமத்துடன் இணைய விளம்பரத்தைக் கருதலாம்.

காட்சியின் வலிமை

படத்தைவிட இயங்கும் காட்சி மக்களைப் பெரிதும் ஈர்க்கின்றது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலம் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தினர் சிலர் 2018-ல் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்னும் யூடியூப் அலைவரிசையைத் தொடங்கினர். பெருநகரத்து அரங்கமோ விலையுயர்ந்த அலங்காரமோ அவர்களிடம் இல்லை. வயல்வெளியில் சமைத்ததையே காட்டினர். 2021-ல் அவ்வலைவரிசை ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டியது. தமிழ் அலைவரிசைகளில் அவ்வெண்ணிக்கையை முதலில் எட்டியது அதுவே. ஒரு சங்கம் அந்த அளவை எட்ட வேண்டியதில்லை. ஆயினும் தம் வேலையை உள்ளபடி காட்டினார்கள், விடாமல் தொடர்ந்தார்கள் என்ற இரண்டும் நமக்குப் பாடமாகும்.

நெசவாளி பாவு புணைப்பதையும், நாடா ஓடுவதையும், கரை பிடிப்பதையும் ஒரு நிமிடக் காட்சியாக எடுக்கலாம். பந்தலில் கவாத்து செய்வதையும், குலை நறுக்கிப் பெட்டியில் அடுக்குவதையும் காட்டலாம். பெருநகரத்தில் வாழும் பலர் இவற்றைக் கண்டதே இல்லை. ஒரு சேலைக்கு எவ்வளவு கையுழைப்புச் செல்கின்றது என்று கண்டவர், அதன் விலையைப் பேரம் பேசத் தயங்குவார். மாதம் முப்பது காட்சி போட்டுவிட்டு அடுத்த ஆறு மாதம் மௌனமாக இருப்பதைவிட, வாரம் ஒன்றாக ஆண்டு முழுவதும் போடுவது மேலானது. தறியிலோ தோட்டத்திலோ ஒருவரைப் படமெடுக்கும்போது அவருடைய சம்மதத்தைப் பெறுதல் முறையாகும்.

உண்மையே முதலீடு

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழங்கப்படும் இக்குறியீடு, அப்பெயர் இந்நிலப்பகுதியின் விளைபொருளுக்கே உரியது என்பதற்குச் சான்றாகும். ஆனால் குறியீடு கிடைத்ததாலேயே ஒவ்வொருவரும் அதன் முத்திரையைப் பயன்படுத்திவிட இயலாது. சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிவு பெறுதல் வேண்டும். சங்கம் அங்கத்தினர்களை ஒன்றுசேர்த்து இப்பதிவைப் பெற்றுத் தருமாயின், வேற்றூர்ப் பழத்தைக் கம்பம் பழமென விற்போரைத் தட்டிக்கேட்கும் உரிமை வலுப்பெறும். இணையத்தில் நம் பெயரைப் பிறர் எடுத்துக்கொள்வது மிக எளிது என்பதால் இவ்வுரிமை இன்று இரட்டிப்பு அவசியமாகின்றது.

கைத்தறிக்கும் இத்தகைய சான்றுகள் உண்டு. 2006-ல் கைத்தறி முத்திரையும், 2015-ல் இந்தியக் கைத்தறி என்னும் தரச் சின்னமும் அறிமுகமாயின. நம் நெசவு ஊர்களில் கைத்தறியும் விசைத்தறியும் அருகருகே ஓடுகின்றன. விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று எழுதி விற்றால், அன்று ஒரு சேலை விற்கும். மறுநாள் உண்மையறிந்தவர் எழுதும் ஒரு வரி எல்லாத் தறிகளையும் பாதிக்கும். விசைத்தறிச் சரக்கை விசைத்தறி என்றே எழுதி அதற்குரிய விலையில் விற்பதில் இழிவு ஏதுமில்லை.

வாடிக்கையாளர் கருத்துகளிலும் நேர்மை வேண்டும். விற்பவரே வாங்கியவர்போல் நடித்துப் புகழ்ந்து எழுதுவதை 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் தடை செய்துள்ளன. புகார் வந்தால் 48 மணி நேரத்திற்குள் பெற்றுக்கொண்டதை அறிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு. குறை கூறி எழுதியவரிடம் சினந்து வாதிடாமல், "சேலையை மாற்றித் தருகிறோம்" என்று எல்லோரும் காண எழுதிவிட்டு அவ்வாறே செய்தால், அதைப் படிக்கும் பலர் நம் சங்கத்தை நம்புவர். திராட்சை ரசம், உலர்திராட்சை போன்ற உணவுப் பொருள்களை விற்கும் சங்கங்கள் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண்ணைப் பெற்றுப் பொட்டலத்தில் குறித்தல் வேண்டும். எடை, விலை, தயாரித்த நாள் முதலிய விவரங்களும் அதில் தவறாது இருத்தல் வேண்டும்.

கணக்கு யாருடையது?

இனிக் கூறப்போவது ஆய்வாளர் என்ற முறையில் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் பகுதியாகும். சங்கத்தின் முகநூல் பக்கம், வாட்ஸ்அப் எண், நிலப்படப் பதிவு, இணையதள முகவரி ஆகியவை பீரோவும் தராசும் போலச் சங்கத்தின் சொத்துகளே. ஆயினும் அவை பல இடங்களில் ஆர்வமுள்ள ஓர் இளைஞரின் சொந்த எண்ணிலும், வெளியார் ஒருவரின் சொந்த மின்னஞ்சலிலும் தொடங்கப்படுகின்றன. அவர் வேலையை விட்டுச் சென்றாலோ, நிர்வாகக் குழு மாறினாலோ, சங்கத்தின் பெயரில் உள்ள பக்கம் சங்கத்தின் கைக்கு எட்டாமற் போகின்றது. பல ஆண்டுகள் சேர்த்த வாடிக்கையாளர் பட்டியல் ஒரே நாளில் தனி மனிதர் ஒருவரின் வியாபாரத்துக்கு மூலதனமாகிவிடவும் கூடும்.

இதனைத் தவிர்க்கப் பின்வரும் ஏற்பாடுகள் போதுமானவை:

1. சங்கத்திற்கெனத் தனி மின்னஞ்சலும் தனித் தொலைபேசி எண்ணும் சங்கத்தின் பெயரிலேயே பெறுதல் வேண்டும்.

2. எல்லாக் கணக்குகளையும் அவற்றின் மூலமே தொடங்க வேண்டும். நிலப்படப் பதிவிலும் முகநூல் பக்கத்திலும் ஒருவருக்கு மேற்பட்டோரை நிர்வாகிகளாகச் சேர்க்க வசதியுண்டு. உரிமை சங்கத்தின் கணக்கில் இருக்க, நாள்தோறும் வேலை செய்வோருக்கு நிர்வகிக்கும் அனுமதி மட்டும் தரலாம்.

3. கணக்குகளின் பட்டியலைச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றி, கடவுச்சொற்களை முத்திரையிட்ட உறையில் இட்டுப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். பொறுப்பு மாறும்போது கடவுச்சொல்லையும் மாற்றி, மாற்றிய செய்தியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும்.

4. இணையதள முகவரி சங்கத்தின் பெயரில் பதிவாகியிருப்பதையும், அதன் புதுப்பிப்பு நாளையும் காரியதரிசி அறிந்திருத்தல் வேண்டும். '.கோஆப்' என்னும் முகவரி ஈறு உலகெங்குமுள்ள கூட்டுறவு அமைப்புகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது என்பதும் அறியத்தக்கது.

5. பணம் சங்கத்தின் வங்கிக் கணக்கிற்கே வருதல் வேண்டும். பணம் பெறுவதற்கு இரகசிய எண் எதையும் பதிய வேண்டியதில்லை. பதியச் சொல்பவர் மோசக்காரரே. ஏமாற்றம் நேர்ந்தால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

செலவும் வரவும்

விளம்பரச் செலவையும் மற்றச் செலவுகளைப் போலவே கணக்கிட வேண்டும். ஓர் உதாரணம் காண்போம். 1,500 ரூபாய் விலையுள்ள சேலையில் நூலும் கூலியும் பிறவும் போகச் சங்கத்திற்கு 300 ரூபாய் நிற்பதாகக் கொள்வோம். தபால் செலவு 80 ரூபாயைச் சங்கமே ஏற்கிறது. சமூக ஊடகத்தில் 3,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்ததில் 60 பேர் விசாரித்து, 12 பேர் வாங்கினர் எனில், ஒரு சேலைக்கு விளம்பரச் செலவு 250 ரூபாய். 300 ரூபாயில் 250-ம் 80-ம் போனால், சேலைக்கு 30 ரூபாய் நட்டம். பன்னிரண்டுக்கும் 360 ரூபாய். விசாரித்தோர் தொகையை மட்டும் கண்டு மகிழ்ந்த நிர்வாகக் குழு இதனை அறியாமலே இருந்துவிடக்கூடும்.

கணக்கு இத்துடன் முடியவில்லை. அப்பன்னிரண்டு பேரில் ஐவர் சேலையால் திருப்தியுற்று, தீபாவளிக்கு மீண்டும் ஒவ்வொன்று வாங்கினால், அவர்களுக்காக மறு விளம்பரச் செலவு இல்லை. சேலைக்கு 220 ரூபாய் வீதம் 1,100 ரூபாய் நிற்கும். முன் நட்டம் போக 740 ரூபாய் மிகுதி. புதியவரை அழைப்பது விளம்பரத்தின் வேலை. வந்தவரை நிலைநிறுத்துவது சரக்கின் தரமும் சொன்ன நாளில் அனுப்புவதுமாகும். வாங்கியவர் சம்மதித்தால் அவருடைய எண்ணைப் பதிந்து, புதுச் சரக்கு வந்தபோது வாட்ஸ்அப் மூலம் தெரிவிக்கலாம். அவரும் நம் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்திருந்தால்தான் ஒளிபரப்புப் பட்டியல் வழியாகச் செல்லும் செய்தி அவரை அடையும். ஆதலின் சேலையுடன் செல்லும் சீட்டிலேயே, எண்ணைச் சேமித்துக்கொள்ளுமாறு ஒரு வரி எழுதி அனுப்புதல் நலம்.

தொடங்கும் முறை

முதல் வாரம், நிர்வாகக் குழுவில் தீர்மானம் இயற்றிச் சங்கத்தின் பெயரில் மின்னஞ்சலும் எண்ணும் பெறுக. இரண்டாம் வாரம், நிலப்படத்தில் பதிவு செய்க. மூன்றாம் வாரம், பத்துச் சரக்குகளைப் படமெடுத்து விலையுடன் பட்டியலிடுக. நான்காம் வாரம், வாடிக்கையாளரின் பத்துக் கேள்விகளுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விடை எழுதுக. நம் அண்டை நாட்டாராகிய கேரள வியாபாரிகளை முன்னிட்டு மலையாளத்திலும் சில வரிகள் எழுதுவது கம்பம் பகுதிச் சங்கங்களுக்கு ஏற்றது. இவற்றுக்குப் பின்னரே பணம் செலவிடும் விளம்பரத்தைப் பற்றி ஆலோசிக்கலாம்.

அங்கத்தினரின் பிள்ளைகளில் கல்லூரியில் பயில்வோர் பலர் இன்று எல்லாச் சங்கங்களிலும் உளர். கைபேசியில் அவர்களுக்குள்ள பழக்கமும், தறியிலும் தோட்டத்திலும் பெற்றோருக்குள்ள அறிவும் ஒன்றுசேர்ந்தால் வெளியாரை நாட வேண்டிய தேவை குறையும். அவர்களுடைய உழைப்புக்கு உரிய ஊதியமும் சங்கம் அளித்தல் வேண்டும்.

நம் ஊரின் பெயருக்கு மதிப்பைத் தேடித் தந்தவர்கள் தறியில் அமர்ந்தவர்களும் பந்தலின்கீழ் உழைத்தவர்களுமே. அப்பெயரை ஒருவர் தேடும்போது அவர்களுடைய சங்கமே விடையாக வருமாறு செய்தல் இன்றைய நிர்வாகக் குழுக்களின் கடமையாகும்.

கல்வி வட்டத்தில் விவாதிப்பதற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தின் பெயரையும் நம் முக்கியச் சரக்கையும் கைபேசியில் தேடினால் முதலில் வருவது எது? அது யாருடையது?

2. நம் சரக்கை வாங்குவோர் அதற்கு வழங்கும் பெயர்கள் எத்தனை? அவை நம் விளம்பரத்தில் உள்ளனவா?

3. சங்கத்தின் பெயரில் இப்போது இயங்கும் இணையக் கணக்குகள் எவை? அவற்றின் கடவுச்சொல் யாரிடம் உள்ளது?

4. நம் சரக்கு சில்லறையாக அஞ்சலில் அனுப்பத்தக்கதா, மொத்தமாக விற்கத்தக்கதா? அதற்கேற்ற விளம்பரம் எது?

5. சென்ற ஆண்டு விளம்பரத்திற்குச் செலவான தொகை எவ்வளவு? அதனால் வந்த விற்பனையைத் தனியே காட்டும் கணக்கு நம்மிடம் உண்டா?